மாட்டுக்குப் போடும் ஊசியும் வெறிநாய்க்கடியும்

மாட்டுக்குக் காய்ச்சல் கண்டாலும், மடி வீங்கினாலும், கால் நொண்டினாலும் வலி குறைக்கும் ஊசி போடுவது ஊர்தோறும் வழக்கமாகி விட்டது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் மாடு எழுந்து தீவனம் எடுக்கிறது, விவசாயிக்கும் நிம்மதி. ஆனால் அந்த ஊசியில் என்ன மருந்து இருக்கிறது என்று நம்மில் பலர் கேட்பதில்லை. கட்டாயம் கேட்க வேண்டும். இப்படி மாட்டுக்குப் போட்ட ஒரு மருந்துதான் இந்தியாவின் கழுகு இனத்தை ஏறக்குறைய அழித்தது. கழுகு போனதால் மனித உயிர்களும் போயின.

இங்கே சொல்லும் கழுகு, கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்து அல்ல. செத்த மாட்டைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகு. பாறு என்றும் இதற்குப் பெயர் உண்டு. 1980களில் இவை நம் நாட்டில் கோடிக்கணக்கில் இருந்தன. புறம்போக்கில் போட்ட மாட்டை ஒரு கூட்டம் கழுகுகள் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கி விடும். அதன் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. பெரும்பாலான நோய்க்கிருமிகள் அதில் பிழைப்பதில்லை. கூலி வாங்காமல் ஊரைச் சுத்தம் செய்த பறவை அது.

1992க்கும் 2007க்கும் இடையில், வெண்முதுகுப் பாறு என்னும் இனம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்து போயிற்று. பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தா, ஏதாவது தொற்றுநோயா என்று முதலில் பலவாறு சந்தேகப்பட்டார்கள். பாகிஸ்தானில் செத்துக் கிடந்த கழுகுகளை அறுத்துப் பார்த்த விஞ்ஞானிகள் 2004ல் காரணத்தை வெளியிட்டனர். அவற்றின் குடல், ஈரல் எல்லாவற்றிலும் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டிருந்தது. அப்படிச் செத்த பறவைகளின் உடலில் டைக்ளோபினாக் மருந்து இருந்தது. மனிதர்கள் மூட்டு வலிக்குச் சாப்பிடும் அதே மருந்துதான்.

இந்த மருந்தின் காப்புரிமைக் காலம் முடிந்து, 1990களில் பல கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்கத் தொடங்கின. மாட்டுக்கும் வந்து சேர்ந்தது. மாட்டுக்கு அது நல்ல மருந்து என்பதில் ஐயமில்லை. ஊசி போட்ட இரண்டொரு நாளில் மாடு இறந்து, அதைக் கழுகு தின்றால்தான் ஆபத்து. அப்படிச் சாகும் மாடு எத்தனை இருக்கும் என்று கேட்கலாம். செத்த மாடு நூறில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவு நேரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு மாட்டை ஐம்பது, நூறு கழுகுகள் சேர்ந்து தின்கின்றன அல்லவா? கழுகு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஐந்தாண்டு போல ஆகும். இழந்ததை ஈடுகட்ட அதனால் முடியவில்லை.

கழுகு தின்னாத மாட்டை நாய் தின்றது. தெருநாய்கள் பெருகின. 1992 முதல் 2006 வரை இப்படிக் கூடிய நாய்களால் வெறிநாய்க்கடி கண்டு இறந்தவர்கள் மட்டும் 47,000க்கு மேல் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அழுகிய மாடு குளத்தையும் கிணற்றையும் கெடுத்தது தனி. ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், முன்பு கழுகு மிகுந்திருந்த மாவட்டங்களையும் கழுகு இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். 2000 முதல் 2005 வரை ஏறக்குறைய 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் என்பது 2024ல் வெளியான அவர்கள் முடிவு. இது மதிப்பீடுதான், தலை எண்ணிய கணக்கு அல்ல. பாதியாகக் குறைத்துக் கொண்டாலும் சிறிய எண்ணா அது?

மாட்டுக்கான டைக்ளோபினாக்கை இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் 2006ல் தடை செய்தன. அதன் பிறகும் மனிதர்களுக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டு வந்தார்கள். எனவே 2015ல் 3 மில்லிக்கு மேற்பட்ட ஊசிமருந்துப் புட்டிகளையும் அரசு நிறுத்தியது. கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் இரண்டும் 2023ல் கால்நடைக்குத் தடையாயின. அசிக்ளோபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோபினாக்காகவே மாறிவிடுகிறது, பெயர்தான் வேறு. இவ்வளவு தெரிந்த பிறகும் ஸ்பெயின் நாடு 2013ல் டைக்ளோபினாக்கை மாட்டுக்கு அனுமதித்தது வியப்புக்குரியது.

தமிழ்நாட்டில் முதுமலை, மாயாறு பள்ளத்தாக்கு, சத்தியமங்கலம் காட்டுப் பகுதியில் இன்னும் கழுகுகள் உள்ளன. அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவர்களுக்குப் பொறுப்பு அதிகம். மாட்டைக் கொன்ற புலி, சிறுத்தையைப் பழிவாங்க அந்த மாட்டின் உடலில் விஷம் வைப்பதும் கழுகைத்தான் முதலில் கொல்லும். அது சட்டப்படி குற்றமும் ஆகும்.

மெலாக்சிகாம், டோல்பினமிக் அமிலம் ஆகிய இரண்டும் கழுகுக்குக் கெடுதல் செய்யாதவை என்று சோதித்து அறிந்திருக்கிறார்கள். காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் இவை போதும். அளவைக் கால்நடை மருத்துவர் மாட்டின் எடை பார்த்துச் சொல்வார். ஊசி போடும்போது மருந்தின் பெயரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். மனிதர் மருந்துக்கடையில் வாங்கி நாமே போடுவது வேண்டாம். தடை செய்த மருந்து போட்டதாகச் சந்தேகம் இருந்து, சில நாளில் மாடு இறந்தால் வெளியே போடாமல் ஆறடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருரத்தம் வடிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். தோலை உரிக்காமல், உடலை அறுக்காமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நாய் கடித்தால் புண்ணைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடிபட்ட அன்றும், பிறகு 3, 7, 28 ஆகிய நாட்களிலும் தடுப்பூசி போடுவார்கள். காயம் ஆழமானால் புண்ணைச் சுற்றியும் வேறு ஒரு மருந்து செலுத்துவார்கள். கடிபட்டது மாடானால் அதற்கும் தடுப்பூசி உண்டு. புண்ணைக் கழுவிவிட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.