படகைத் தொடரும் குற்றப் புள்ளிகள்

24 மாதங்களுக்குள் 24 குற்றப் புள்ளிகள் சேர்ந்தால் வாகனமோட்டும் உரிமம் முடக்கப்படும் என்பது சிங்கப்பூரில் ஓட்டுநர் வகுப்புக்குப் போகும் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பாடம். அதே முறை கடலிலும் உண்டு என்பதைச் சட்டப் பாடத்துக்காகப் படித்தபோதுதான் அறிந்தேன். ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் இயற்றிய மீன்பிடிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அது இடம்பெற்றது.

அபராதம் இருக்கப் புள்ளிகள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பெரிய மீன்பிடிக் கப்பலொன்று ஒரே பயணத்தில் அள்ளிவரும் மீனின் விலைக்கு முன்னால் அபராதம் சிறு தொகையாக இருந்தால், முதலாளி அதையும் டீசல் செலவோடு சேர்த்து எழுதிவிடுவார். கப்பல் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் மாதங்களை அவரால் அப்படி எழுத முடியாது.

2011-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, அளவு குறைந்த மீனை ஏற்றினால் 5 புள்ளிகள். தடை செய்யப்பட்ட பகுதியிலோ பருவத்திலோ மீன் பிடித்தால் 6. சோதனைக்கு வரும் அதிகாரியைத் தடுத்தால் 7. பிடித்த மீனின் கணக்கைப் பதிவு செய்யாவிட்டால் 3 மட்டுமே. நடுக்கடலில் பார்ப்பவர் எவருமில்லை. பதிவேட்டை நம்பித்தான் கட்டுப்பாடு முழுவதும் நிற்கிறது. ஆகவே அந்த 3 மிகக் குறைவு என்பது என் கருத்து.

18 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் குறைந்தது 2 மாதங்கள் நிறுத்தப்படும். 36-க்கு 4 மாதங்கள், 54-க்கு 8 மாதங்கள், 72-க்கு ஓராண்டு. 90-ஐத் தொட்டால் உரிமம் நிரந்தரமாகப் பறிபோகும். கடைசிக் குற்றத்துக்குப் பின் 3 ஆண்டுகள் ஒழுங்காக இருந்தால் புள்ளிகள் அனைத்தும் நீங்கிவிடும்.

நம் சாலை விதியிலிருந்து இது விலகும் இடம் ஒன்றுண்டு. நான் காரை விற்றால் என் புள்ளிகள் என்னோடுதான் இருக்கும். அங்கோ கப்பலை விற்றால் புள்ளிகளும் அதன் உரிமத்தோடு வாங்கியவர் கைக்குப் போகும். உறவினர் பெயருக்குக் கப்பலை மாற்றி எழுதித் தப்பிக்கும் வழி இதனால் அடைபடுகிறது. (கப்பல் தலைவருக்குத் தனிப் புள்ளிக் கணக்கு உண்டு.)

ஆனால் புள்ளியை வழங்குவது யார், எந்தச் சான்றின் பேரில்? அயர்லாந்தில் இக்கேள்வி பெரும் பூசலாயிற்று. குற்ற வழக்கென்றால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். புள்ளிகளுக்கோ, குற்றம் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்றிருந்தது. நீதிமன்றம் விடுவித்தாலும் புள்ளிகள் நீங்காமல் நிற்கும் என்று மீனவர்கள் முறையிட்டனர். 2018 மே மாதம் அந்நாட்டு நாடாளுமன்றக் கீழவை, அமைச்சர் கையொப்பமிட்ட விதிகளை வாக்கெடுப்பில் ரத்து செய்தது.

மீனவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பல மாதம் பிழைப்பை நிறுத்தும் தண்டனையை வெறும் நிர்வாக நடவடிக்கை என்று சொல்லிவிட முடியாது. எனினும் ஒரு நாடு மட்டும் விலகி நின்றால், ஒரே கடலில் ஒரே மீனைத் தேடும் அண்டை நாட்டுக் கப்பல்களுக்கு ஒரு சட்டம், அதன் கப்பல்களுக்கு வேறொரு சட்டம் என்றாகிவிடும். 2020 ஆகஸ்டில் அயர்லாந்து அரசு புதிய விதிகளைப் பிறப்பித்து, கப்பல் உரிமங்களுக்குப் புள்ளி முறையை மீண்டும் கொண்டுவந்தது.