ஷோகேஸில் நிற்கும் பந்தயப் படகு

நம்மவர் வீட்டு ஷோகேஸ்களில் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் சில சமயம் மரத்தில் செய்த பாய்ப்படகு ஒன்றும் நிற்கும். ஒடுங்கிய உடல், நெடிய பாய்மரம், அடியில் 'ஷாம்ராக்', 'ரேஞ்சர்' என்று ஒரு பித்தளைத் தகடு. அழகுக்காக வாங்கி வைக்கிறோம். அந்தப் பெயர்களின் வரலாறும் அறிய வேண்டியதே.

1851 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஒயிட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில், நியூயார்க்கிலிருந்து வந்த 'அமெரிக்கா' என்ற இரட்டைப் பாய்மரப் படகு வென்றது. பரிசாகப் பெற்ற வெள்ளிக் கோப்பைக்கு அதன் பெயரே நிலைத்தது. 1983-ல் ஆஸ்திரேலியா வெல்லும்வரை, 132 ஆண்டுகள் அந்தக் கோப்பை அமெரிக்கர் கையிலேயே இருந்தது.

அதைக் கைப்பற்ற 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை முயன்று தோற்றவர் சர் தாமஸ் லிப்டன். ஐந்து படகுகளுக்கும் ஷாம்ராக் என்றே பெயர். ஆம், தேயிலை லிப்டன்தான்! 1890-ல் அவர் இலங்கையில் வாங்கிய தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் நம் தமிழர்கள். அந்தப் படகுகளுக்குச் செலவான பணத்தில் அவர்கள் உழைப்பும் உண்டு. பித்தளைத் தகட்டில் அது இராது.

1903-ல் மூன்றாம் ஷாம்ராக்கை வென்றது 'ரிலையன்ஸ்'. அதன் உடல் நீளம் சுமார் 144 அடி. நம் அகலப்பாதை ரயில் பெட்டிகள் இரண்டைச் சேர்த்து நிறுத்தியது போல! பாய்களின் பரப்பு 16,000 சதுர அடிக்கும் மேல். இதை வடிவமைத்த ஹெரெஷாஃப் முதலில் மரத்தில் பாதி உடலைச் சிறிதாகச் செதுக்குவார். அதிலிருந்து அளவெடுத்துத்தான் பெரிய படகு கட்டுவார்கள். வரைபடத்தை வைத்தே வேலை செய்து பழகிய ரயில்வேக்காரனான எனக்கு இது பெரிய வியப்பு.

மாதிரியில் பிறந்த ரிலையன்ஸ் 1913-ல் உடைக்கப்பட்டது. 1937-ல் வென்ற ரேஞ்சர் 1941-ல் உடைக்கப்பட்டது. 'அமெரிக்கா'வும் 1945-ல் அப்படியே போயிற்று. ஐந்தாம் ஷாம்ராக் போன்ற சில மட்டுமே தப்பின. மற்றவற்றின் முழு உருவத்தைக் கண்ணால் காண இந்த மாதிரிகளும் உதவுகின்றன. ஆகவே அளவு பிசகக் கூடாது.

நல்ல மாதிரியில் குறுக்குச் சட்டங்களின்மேல் மெல்லிய மரப்பட்டைகளை நனைத்து வளைத்து, ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்திருப்பார்கள். வாங்கும்போது ஒரு ஸ்கேல் கொண்டு செல்லுங்கள். ஐந்தாம் ஷாம்ராக்கின் உடல் சுமார் 120 அடி. மாதிரியில் அது 2 அடி என்றால் விகிதம் 60-ல் ஒரு பங்கு. அந்த வகைப் படகுகளில் பாய்மரம் உடல் நீளத்தைவிட உயரமானது. மாதிரியில் குட்டையாக இருந்தால், அலமாரிக்கு அடங்கக் குறைத்துவிட்டார்கள் என்று பொருள். அதற்கு ஷாம்ராக் விலை கொடுக்காதீர்கள். பொம்மை விலை போதும்.