தனியார் ஆலைக்கு அரசு நிலம் எடுக்கலாமா? சிங்கூர் முதல் மேல்மா வரை

மேற்கு வங்கத்தின் சிங்கூரில் 2006-ல் டாடா நானோ கார் தொழிற்சாலைக்காக 997 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்தது. நெல்லும் உருளைக்கிழங்கும் விளைந்த மண் அது. விவசாயிகளில் ஒரு பகுதியினர் இழப்பீட்டுக் காசோலையை வாங்கவே இல்லை. போராட்டம் முற்றி, 2008 அக்டோபரில் டாடா நிறுவனம் குஜராத்தின் சனந்துக்கு இடம் மாறியது. ஆலை போன பிறகும் நிலம் திரும்பி வரவில்லை. அதற்கு உச்ச நீதிமன்றம் 2016 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

நிலம் வைத்திருக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு அது. நீதிபதி கோபால கவுடா, ஒரு நிறுவனத்துக்காக எடுத்த நிலத்தைப் பொது நோக்கத்துக்கு எடுத்ததாகச் சொல்ல முடியாது என்றார். நீதிபதி அருண் மிஸ்ரா அதை ஏற்கவில்லை. வேலைவாய்ப்பு தரும் ஆலையும் பொது நோக்கம்தான் என்றார். ஆனால், விவசாயிகள் கொடுத்த ஆட்சேபணைகளை அதிகாரிகள் முறையாகப் பரிசீலிக்காமல் தள்ளிவிட்டார்கள் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். நில எடுப்பு ரத்தானது. நிலத்தை 12 வாரங்களில் ஒப்படைக்க உத்தரவானது. வாங்கிய இழப்பீட்டையும் விவசாயிகள் திருப்பித் தர வேண்டியதில்லை என்றது நீதிமன்றம்.

சிங்கூரில் நிலம் நேராக டாடாவிடம் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் கைக்கு வந்து, அங்கிருந்து குத்தகையாக நிறுவனத்துக்குப் போனது. இந்தியா முழுவதும் தனியாருக்கான நில எடுப்பு பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கிறது. காகிதத்தில் அரசுக் கழகம், களத்தில் தனியார் ஆலை.

1894-ல் வெள்ளையர் போட்ட நில எடுப்புச் சட்டம் இதற்கெல்லாம் இடம் கொடுத்தது. அதை நீக்கிவிட்டு வந்ததுதான் 2013-ன் புதிய சட்டம். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியார் நிறுவனத்துக்காக எடுப்பதென்றால் நில உரிமையாளர் குடும்பங்களில் 80 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமென்றால் 70 சதவீதம். யாருக்கு என்ன பாதிப்பு என்று சமூகத் தாக்க மதிப்பீடு செய்து, ஊர் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆட்சேபணைக்கு 60 நாள் அவகாசம். எடுத்த நிலத்தை ஐந்தாண்டுகள் சும்மா போட்டு வைத்தால், உரிமையாளரிடமோ அரசின் நில வங்கியிலோ சேர்க்க வேண்டும்.

இழப்பீடும் கூடியது. கிராமப்புற நிலத்தின் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு மடங்கு வரை பெருக்கி, அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்க்க வேண்டும். ஏக்கர் 10 லட்சம் என்று மதிப்பிட்டால் 20 முதல் 40 லட்சம் ரூபாய் வரை வரும். ஆனால் அந்த அடிப்படை மதிப்பே வழிகாட்டி மதிப்பையும் பத்திரங்களில் உள்ள விலையையும் வைத்துப் போடப்படுகிறது. முத்திரைத்தாள் செலவுக்கு அஞ்சி ஊரே விலையைக் குறைத்துப் பதிவு செய்திருந்தால், அதன் அடி விவசாயி மேல்தான் விழும்.

தமிழ்நாட்டின் கதை வேறு. இங்கே ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978-ன் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997-ன் சட்டம், 2001-ன் நெடுஞ்சாலைச் சட்டம் என மூன்று மாநிலச் சட்டங்கள் உண்டு. 2013-ன் மத்தியச் சட்டத்தில் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, இழப்பீடு, மறுவாழ்வு தவிர அச்சட்டத்தின் மற்ற விதிகள் இந்த மூன்றுக்கும் பொருந்தாது என்று மாநில அரசு விலக்கு வாங்கிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டங்களின் கீழான நில எடுப்புகளைச் செல்லாது என்றது. அரசு உடனே புதுச் சட்டம் இயற்றி அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

ஆகவே தமிழ்நாடு அரசின் தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட்டுக்காக 1997 சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தால் சம்மதமும் கேட்க வேண்டாம், சமூகத் தாக்க மதிப்பீடும் வேண்டாம். அறிவிக்கை அரசிதழில் வெளியான நாளிலேயே நிலம் அரசுக்குச் சொந்தம். பிறகு அதே நிலம் மனைகளாகப் பிரிந்து தனியார் நிறுவனங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்குப் போகிறது. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்து 2023-ல் மாதக்கணக்கில் போராடிய விவசாயிகளில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. மாநிலம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பிய பிறகே அரசு இறங்கி வந்தது. சொந்த நிலத்தைத் தர மறுத்தவர்களைச் சமூக விரோதிகளின் பட்டியலில் சேர்த்தது பெரும் அநீதி.

சொத்துரிமை இப்போது அடிப்படை உரிமை அல்ல. 1978-ன் 44-வது திருத்தம் அதை நீக்கிவிட்டது. ஆனால் அரசமைப்பின் 300ஏ பிரிவு இருக்கிறது. நோட்டீஸ் கொடுப்பது, ஆட்சேபணையைக் கேட்பது, காரணத்தோடு முடிவெடுப்பது, பொது நோக்கத்தைக் காட்டுவது, நியாயமான இழப்பீடு தருவது எல்லாம் அந்தப் பிரிவுக்குள் அடக்கம் என்று 2024 மே மாதம், கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாநிலச் சட்டத்தின் கீழ் நிலத்தை இழப்பவரும் இதைப் பிடித்துக்கொண்டு வழக்காடலாம்.

உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால் அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். சர்வே எண்ணையும் பரப்பையும் பட்டா, அடங்கலோடு ஒப்பிடுங்கள். கிணறு, போர்வெல், மரம், மாட்டுக்கொட்டகை என ஒன்றுவிடாமல் எழுதி, குறித்த நாளுக்குள் ஆட்சேபணை கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். வாய்மொழி ஆட்சேபணை கோப்பில் ஏறாது. 2013 சட்டத்தின் கீழ் இழப்பீடு வாங்குகிறவர்கள், தொகை போதாது என்று நினைத்தால், ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அப்படி எழுதாமல் வாங்கிவிட்டால், கூடுதல் தொகை கேட்டு மேலே போகும் உரிமை போய்விடும்.

சட்டப்பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். நிலம் எந்தக் கழகத்தின் பெயரில் எடுக்கப்பட்டாலும், கடைசியில் தனியார் கைக்குப் போவதென்றால் உரிமையாளர்களின் சம்மதமும் சமூகத் தாக்க மதிப்பீடும் கட்டாயம் என்று 1997 சட்டத்தைத் திருத்துங்கள்.