மொழிபெயர்ப்புக் கோப்புகளின் ஒழுங்கும் காப்பும்

மென்பொருளை உருவாக்குவோர், அதனை நிறுவும் முறை, இயக்கும் முறை, பழுது நீக்கும் முறை ஆகியவற்றை ஆவணங்களாக எழுதி வைக்கின்றனர். கட்டற்ற மென்பொருள்களின் ஆவணங்களைத் தன்னார்வலர் பலர் தத்தம் மொழிகளில் பெயர்க்கின்றனர். பலருடைய கைபடும் இப்பணி சிதையாமல் நடைபெறக் கோப்புறைகளின் ஒழுங்கும் அனுமதிகளின் வரையறையும் இன்றியமையாதவை.

1991ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கர்னல் இதற்குத் தக்க சான்றாகும். அதன் ஆவணக் கோப்புறைக்குள் மொழிபெயர்ப்புகளுக்கெனத் தனிக் கோப்புறை உள்ளது. அதனுள் இத்தாலியம், கொரியம், சீனம், ஜப்பானியம் என மொழிக்கொரு உட்கோப்புறை அமைந்துள்ளது. மூலத்தின் உட்பிரிவுகளையும் கோப்புப் பெயர்களையும் மொழிபெயர்ப்பிலும் அவ்வாறே வைத்துக்கொண்டால், எது பெயர்க்கப்பட்டது, எது எஞ்சியுள்ளது என்பது ஒப்பிட்ட அளவிலேயே விளங்கும்.

பலர் பகிரும் லினக்ஸ் கணினியில், ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழுவினர், பிறர் என்னும் முத்தரப்பினர்க்கும் தனித்தனியே அனுமதி வழங்கலாம். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்பன மதிப்புகள். மூலக் கோப்புக்கு 644 என அமைத்தால், உரிமையாளர் மட்டுமே திருத்தலாம், ஏனையோர் படிக்கலாம். மொழிபெயர்ப்புக் கோப்புக்கு 664 என அமைத்தால், குழுவினரும் திருத்தலாம். கோப்புறையைப் பொறுத்தவரை, இயக்கும் அனுமதி என்பது உள்ளே நுழையும் அனுமதியாகும். எனவே, மொழிக்குழுவின் கோப்புறைக்கு 775 பொருந்தும்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஒரு கோப்பை நீக்கும் உரிமை, அக்கோப்பின் அனுமதியைப் பொறுத்ததன்று. அதனைக் கொண்டுள்ள கோப்புறையின் அனுமதியைப் பொறுத்தது. மூலக் கோப்பைப் பூட்டிவிட்டு, அதன் கோப்புறையைக் குழுவினர் எழுதுமாறு திறந்து வைத்தால், திருத்த இயலாத கோப்பையும் குழுவினருள் ஒருவர் அறியாமல் நீக்கிவிடக்கூடும். ஆகவே, மூலக் கோப்புறைக்கு 755 என்பதே தக்கது.

மூலம் மாறியபின் மொழிபெயர்ப்பு மாறாதிருப்பதும் தீங்கு பயக்கும். கைவிடப்பட்ட கட்டளையைப் பழைய மொழிபெயர்ப்பில் படித்துச் செயற்படுத்துபவர் தம் தரவுகளை இழக்க நேரிடலாம். எனவே, மூலத்தின் எந்தப் பதிப்பிலிருந்து பெயர்க்கப்பட்டது என்பதை ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் குறித்தல் வேண்டும். அக்குறிப்பைக் கொண்டு, எக்கோப்பை முதலில் புதுப்பிக்க வேண்டும் என்பதை அடுத்து வரும் மொழிபெயர்ப்பாளர் அறிந்துகொள்வார்.