குறைந்த இடர் மண்டலமும் வீட்டின் தயார்நிலையும்: கில்லாரி நிலநடுக்கத்தை (1993) முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நிலநடுக்க வரைபடத்தில் மிகக் குறைந்த இடர் மண்டலத்தில் வைக்கப்பட்டிருந்த மராட்டிய மாநிலத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் 1993ஆம் ஆண்டு நிகழ்ந்த நிலநடுக்கம் பல ஊர்களை முற்றிலும் அழித்தது. அவ்வூர்க் குடும்பங்கள் எவ்வகை ஆயத்தமும் இன்றி இருந்தன என்னும் கருத்து பரவலாக உள்ளது. வெயிலுக்கும் மழைக்கும் அவை நன்கு ஆயத்தமாகவே இருந்தன என்பதையும், அந்த ஆயத்தமே அரிதாக வரும் இடரின்போது உயிரிழப்பைப் பெருக்கியது என்பதையும் வீட்டுக் கட்டுமானத்தின் வழி இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

திறவுச்சொற்கள்: கில்லாரி, நிலநடுக்க மண்டலம், கற்சுவர் வீடு, மண்கூரை, வீட்டுத் தயார்நிலை, மறுவாழ்வு.

முன்னுரை

1993 செப்டம்பர் 30 அன்று அதிகாலை 3.56 மணிக்கு லாத்தூர் மாவட்டத்தின் கில்லாரியை ஒட்டி ஒரு நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதன் அளவு ஏறத்தாழ 6.2. விநாயகர் சிலைகளை நீரில் கரைக்கும் விழா முடிந்து மக்கள் வீடு திரும்பி உறங்கிய இரவு அது. இறந்தோர் தொகையைப் பதிவுகள் ஏறக்குறைய 8,000 முதல் 10,000 வரை பலவாறாகக் குறிக்கின்றன. இதற்கு மூன்றரை மாதங்களுக்குப் பின், 1994 சனவரி 17 அன்று, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள நார்த்ரிட்ஜில் இதனினும் வலிய, 6.7 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதுவும் விடியற்காலையே; அதுவும் மக்கள் வீட்டில் உறங்கிய நேரமே. அங்கு இறந்தோர் 60 பேர் அளவினர்.

நார்த்ரிட்ஜ் உயர் இடர்ப் பகுதி. கில்லாரி குறைந்த இடர்ப் பகுதி. இடர் குறைந்த இடத்தில் இழப்பு மிகுந்தது எவ்வாறு என்பதே இங்கு எழும் வினா.

வரைபடம் சொன்னதும் சொல்லாததும்

தமிழில் ‘ஆபத்து’ என்னும் ஒரே சொல் பல பொருள்களைத் தாங்குகின்றது. எனவே, இக்கட்டுரையில் இயற்கை நிகழ்வு ஏற்படக்கூடிய தன்மை ‘இடர்’ என்றும், அந்நிகழ்வைத் தாங்க இயலாத மக்களின் அல்லது கட்டடங்களின் நிலை ‘நலிவு’ என்றும், இவ்விரண்டும் கூடுவதால் உயிருக்கும் உடைமைக்கும் நேரக்கூடிய கேடு ‘இழப்புவாய்ப்பு’ என்றும் வேறுபடுத்திக் குறிக்கப்படும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1893 என்னும் விதித்தொகுப்பு நாட்டை நிலநடுக்க மண்டலங்களாகப் பகுக்கின்றது. கில்லாரிப் பகுதி அன்றைய வரைபடத்தில் முதல் மண்டலத்தில், அதாவது ஐந்தனுள் மிகக் குறைந்த இடர் உடையதில், அமைந்திருந்தது. தக்காணப் பீடபூமி பழைமையான, உறுதியான நிலப்பகுதி என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. 1967 டிசம்பரில் கொய்னாவில் ஏற்பட்ட நிலநடுக்கம் அவ்வெண்ணத்தை ஒருமுறை அசைத்திருந்தது. ஆயினும் திருத்தம் அவ்வட்டாரத்தோடு நின்றது. கில்லாரிக்குப் பின்னரே, 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில், முதல் மண்டலம் என்னும் பகுப்பே நீக்கப்பட்டது. கில்லாரிப் பகுதி மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தப்பட்டது. அதே திருத்தத்தில்தான் சென்னையும் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு மாற்றப்பட்டது என்பது தமிழக ஆய்வாளர்கள் கருத்திற்கொள்ளத் தக்கது.

வரைபடம் பிழையானது என்று கூறி இச்சிக்கலை முடித்துவிட இயலாது. வரைபடம் காட்டுவது இடரை மட்டுமே. நலிவை அது காட்டுவதில்லை. மேலும், குறைந்த இடர் என்பது நிகழ்வு அரிது என்னும் பொருளை மட்டுமே தரும். நிகழ்ந்தால் தீங்கு சிறிது என்னும் பொருளைத் தராது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஓர் ஊரில் பெரிய நிலநடுக்கம் சராசரியாக 500 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் என்று கொள்வோம். எந்த ஓர் ஆண்டிலும் அது நிகழும் வாய்ப்பு 0.2 விழுக்காடு, எவரும் பொருட்படுத்தாத அளவு. ஆனால் வீடு ஓராண்டுக்காகக் கட்டப்படுவதன்று. 60 ஆண்டுகள் நிற்கும் வீடு தன் ஆயுளில் அதனைச் சந்திக்கும் வாய்ப்பு 11 விழுக்காட்டை எட்டும்; பேரன் காலம் வரை 100 ஆண்டுகள் நின்றால் 18 விழுக்காடாகும். குடும்பம் ஆண்டைக் கணக்கிடுகின்றது. சுவரோ தலைமுறைகளைக் கடக்கின்றது.

வீடு எதற்கு ஆயத்தமாக இருந்தது?

அப்பகுதியின் மரபான வீடு கருங்கல்லால் ஆனது. சுவரின் கனம் 60 செ.மீ. முதல் ஒரு மீட்டருக்கு மேலும் இருக்கும். உட்புறம் ஒரு கல் வரிசை, வெளிப்புறம் ஒரு கல் வரிசை, இடையே சிறுகற்களும் மண்ணும். பிணைப்புச் சாந்தும் மண்ணே. கூரை ‘மாளவத்’ எனப்படும் தட்டைக் கூரை. மர விட்டங்களின்மேல் பலகை பரப்பி, அதன்மேல் 30 முதல் 60 செ.மீ. வரை மண் கொட்டித் திமிசு போட்டிருப்பர்.

இவ்வமைப்பின் ஒவ்வொரு கூறுக்கும் தக்க காரணம் உண்டு. கனத்த சுவரும் கூரையும் மராத்வாடாவின் கோடை வெப்பத்தை வீட்டினுள் புகவிடுவதில்லை. கனத்த சுவர் திருடருக்கும் தடை. மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் அதன்மேல் மேலும் மண் இட்டுச் சரிசெய்வர். இதனை அறியாமை என்று ஒதுக்குவது முறையன்று. ஆண்டுதோறும் தவறாது வரும் இடர்களுக்கு எதிராகப் பல தலைமுறைகள் செய்துவந்த ஆயத்தம் இது. அந்த இடர்களைப் பொறுத்தவரை வெற்றி பெற்ற ஆயத்தமும் ஆகும்.

இனி நிலநடுக்கத்தின் நோக்கில் இவ்வீட்டைக் காண்போம். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ 1.7 டன் எடையுள்ளது. மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள சிறிய அறையின்மேல் 60 செ.மீ. மண் இருந்தால், உறங்குவோரின் தலைக்குமேல் 9 டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடை நிற்கின்றது. நிலம் அசையும்போது கட்டடத்தின்மீது செயற்படும் விசை அதன் எடைக்கு ஏற்பப் பெருகும். கூரை ஒழுகாதிருக்க இட்ட ஒவ்வொரு கூடை மண்ணும் அவ்விசையைக் கூட்டிற்று. சுவரின் இரு கல் வரிசைகளையும் குறுக்கே பிணைக்கும் நீண்ட கற்கள் இல்லாமையால், அதிர்வில் வரிசைகள் தனித்தனியே புடைத்துச் சரிந்தன. சுவரை நம்பி நின்ற கூரை அப்படியே உள்ளே இறங்கியது. கல் வீழ்ந்த காயத்தினால் மட்டுமன்றி, மண்ணால் மூச்சடைத்தும் பலர் இறந்தனர்.

இரு விதிவிலக்குகள் இங்குக் கருதத்தக்கன. கூரையை மரத்தூண்களே தாங்கி, சுவர் மறைப்பாக மட்டும் நின்ற வீடுகளுள் பலவற்றில் சுவர் வெளிப்புறம் சரிந்தபோதும் கூரை நின்றது. ஓலையும் புல்லும் வேய்ந்த குடிசைகளில் வாழ்ந்த ஏழை மக்களுள் பெரும்பாலோர் உயிர் தப்பினர். கல்வீடு கட்டும் வசதி பெற்றோருக்கே இழப்பு மிகுந்தது. வறுமை மிகுந்தால் நலிவு மிகும் என்று நாம் வாய்பாடாக எழுதிவரும் கூற்று இவ்விடத்தில் பொருந்தவில்லை.

வீட்டுத் தயார்நிலை என்றவுடன் கைவிளக்கு, குடிநீர், முதலுதவிப் பெட்டி, ஆவணப் பை என்னும் பட்டியலே பயிற்சிக் கையேடுகளில் முன்னிற்கின்றது. வெள்ளத்திற்கும் புயலுக்கும் அது பயன்படும். முன்னெச்சரிக்கையின்றிச் சில நொடிகளில் கூரை இறங்கும் வீட்டில் அப்பையை எடுக்க எவரும் எஞ்சுவதில்லை.

அனுபவம் ஆசிரியராக இயலாத இடம்

காசுமீரத்தின் ‘தஜ்ஜி தேவாரி’ வீடுகளில் மரச்சட்டங்கள் சுவரைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து நிற்கும். அசாமில் 1897ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்திற்குப் பின் இலேசான சுவரும் கூரையும் கொண்ட வீட்டு வகை பரவியது. மீண்டும் மீண்டும் அசையும் நிலத்தில் கொத்தரும் தச்சரும் பட்டறிந்து கற்கின்றனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் அசையும் நிலத்தில் அவ்வகை மரபறிவு உருவாக வாய்ப்பில்லை. உருவானாலும் அடுத்த நிகழ்வு வரை நினைவில் நிலைத்திருப்பது அரிது.

கில்லாரியில் ஓர் எச்சரிக்கை வந்ததும் உண்டு. 1992 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை அங்குச் சிறு அதிர்வுகள் உணரப்பட்டன, மக்கள் அஞ்சினர். பின்னர் அதிர்வுகள் ஓய்ந்தன. அந்த அமைதி ஓராண்டளவு நீடித்தது. அச்சத்திற்கும் அமைதிக்கும் இடைப்பட்ட அக்காலத்தில் கூரை மண்ணைக் குறைக்கும் பணி ஊர்தோறும் நடந்திருக்கக் கூடும். அதற்குப் பொருட்செலவைவிட உடலுழைப்பே மிகுதி. எதைச் செய்ய வேண்டும் என்று கூறுவார் இல்லாதபோது அச்சம் மட்டும் ஆயத்தம் ஆவதில்லை.

மறுவாழ்வும் நம்பிக்கைச் சிக்கலும்

உலக வங்கியின் கடனுதவியோடு மராட்டிய அரசு மேற்கொண்ட மறுவாழ்வுத் திட்டத்தில் பெரிதும் அழிந்த 52 கிராமங்கள் வேறிடத்தில் புதிதாக அமைக்கப்பட்டன. குறைவாகச் சேதமுற்ற ஊர்களில் ஏறக்குறைய 2 லட்சம் வீடுகளைப் பழுதுபார்த்து வலுவூட்டுவது திட்டத்தின் மற்றொரு பகுதி. வீட்டார் தாமே பணியை நடத்தினர். அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடையே தொடர்பாளர்களாக ஊர்ப் பெண்கள் பணியாற்றினர்.

வலுவூட்டும் முறை எளியது. கூரை மண்ணைக் குறைத்தல், ஒழுகாதிருக்க இடையே பாலித்தீன் விரிப்பு இடுதல், தூணும் விட்டமும் சேருமிடத்தில் சாய்வு முட்டுக்கட்டை பொருத்துதல், கதவு நிலைக்கு மேல் வீட்டைச் சுற்றி ஒரு பட்டை ஓட்டுதல், சுவரில் பிணைப்புக் கல் சேர்த்தல் ஆகியன அதனுள் அடங்கும். புதிதாகக் கல்வீடு கட்டுவோர் 60 செ.மீ. உயரத்திற்கு ஒருமுறை, 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் பிணைப்புக் கற்கள் வைக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 13828 தரும் வழிகாட்டுதல். சுவர் 45 செ.மீ. கனத்தை மிஞ்சக் கூடாது என்றும் அது கூறுகின்றது. கனம் மிகுந்தால் வலிமை மிகும் என்னும் பொது நம்பிக்கைக்கு இது நேர்மாறானது.

ஆயினும் வலுவூட்டலைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உதவித்தொகையைக் கொண்டு பழைய வீட்டின் அருகே சிமெண்டால் ஆன சிறிய புதிய அறை ஒன்றைக் கட்டிக்கொள்வதையே விரும்பினர். உற்றாரைக் கல்லுக்கடியில் இழந்தவர், அதே கல் சில திருத்தங்களால் பாதுகாப்பாகும் என்பதை நம்பத் தயங்கியது இயல்பே. இதில் அவர்களைக் குறைகூற இடமில்லை. கட்டுமான முறையில் இருந்த குறையைக் கட்டுமானப் பொருளின் குறையாக மக்கள் உணர்ந்தபோது, அவ்வுணர்வை மாற்றுவதற்குப் பொறியியல் வரைபடங்கள் போதவில்லை. ஓர் அறை ஒரு குடும்பம் முழுவதற்கும் போதுமானதன்று. வலுவூட்டப்படாத பழைய வீடு அருகிலேயே நின்றதால், அடுத்த அதிர்வில் எவர் காக்கப்படுவர் என்பது அன்றிரவு எவர் எந்தக் கூரையின்கீழ் உறங்குகின்றார் என்பதைப் பொறுத்ததாயிற்று. மறுவாழ்வு மதிப்பீடுகள் கட்டி முடிக்கப்பட்ட அறைகளின் எண்ணிக்கையோடு இதனையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.