உங்களுக்குத் தெரியுமா? 15 லட்சம் டாலருக்குப் போன மரப்பட்டை

நைரோபியில் பிறந்த மைக்கேல் ஆர்மிடேஜ், கேன்வாஸுக்குப் பதிலாக உகாண்டாவின் 'லுபுகோ' மரப்பட்டைத் துணியில் எண்ணெய் வண்ணம் தீட்டுகிறார். அங்குள்ள பகண்டா மக்கள், இறந்தவர்களின் உடலில் சுற்றும் துணி அது. அத்தி இனத்து முடுபா மரத்தின் உள்பட்டையை மழைக்காலத்தில் உரித்து, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரச் சுத்தியலால் மணிக்கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்க அது விரிந்து மெத்தென்றாகும். உரித்த மரத்தையும் சும்மா விடுவதில்லை. வாழை இலை சுற்றிக் கட்டிவிடுவார்கள், பட்டை மறுபடி வளரும். இந்தக் கைவேலையை 2005-இல் யுனெஸ்கோ சிறப்பித்தது. துணியில் அங்கங்கே ஓட்டையும் தையலும் இருக்கும். ஆர்மிடேஜ் அவற்றை மறைக்காமல் அப்படியே படத்தில் சேர்த்துக்கொள்வார்.

அவர் 2015-இல் வரைந்த 'தி கன்சர்வேஷனிஸ்ட்ஸ்' ஓவியம், 2019 நவம்பரில் நியூயார்க்கில் சோத்பிஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தது. 50,000 முதல் 70,000 டாலர் வரை போகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். போனதோ சுமார் 15 லட்சம் டாலருக்கு! ஓவியருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்கிறீர்களா? இது ஏற்கெனவே விற்ற ஓவியத்தின் மறுவிற்பனை. அதில் ஓவியருக்குப் பங்கு தரவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்வதில்லை. பணம் விற்றவருக்கும் ஏல நிறுவனத்துக்கும்தான்.