ஒரே ஆட்டம், இரண்டரைக் கோடிப் பிரதிகள்

2019 ஜூலை 10. மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் உலகக் கோப்பை அரையிறுதி. இரண்டாவது ரன்னுக்குத் திரும்பிய தோனியை, தூரத்திலிருந்து ஸ்டம்பைக் குறிவைத்து எறிந்து ரன் அவுட் ஆக்கினார் மார்ட்டின் கப்டில். அந்த ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் எண்ணிக்கை உச்சத்தில் 2.53 கோடி. அன்றைக்கு அது உலக சாதனை. அத்தனை பேரும் பார்த்தது ஒரே காட்சியைத்தான். ஆனால் ஒவ்வொரு செல்போனுக்கும் ஒவ்வொரு டிவிக்கும் இணையம் அதைத் தனித்தனிப் பிரதியாகச் சுமந்துபோனது.

செயற்கைக்கோள் வழியாக வரும் டிவியில் இந்தச் சிக்கலே கிடையாது. ஒருவர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் வானிலிருந்து இறங்குவது ஒரே சிக்னல். இணையமோ, கேட்டவருக்குக் கேட்டதைத் தனியாகக் கொடுக்கும் ஏற்பாடு. யூனிகாஸ்ட் என்று பெயர். ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்தின் கிளை இணைப்பு 400 வீடுகளுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா வீட்டிலும் அதே கிரிக்கெட், வீட்டுக்கு வினாடிக்கு 5 மெகாபிட். கிளை இணைப்பில் 2,000 மெகாபிட் ஓட வேண்டும். உண்மையில் அங்கே வந்து சேர வேண்டிய தகவல் 5 மெகாபிட் மட்டுமே.

இதற்கு விடை கண்டுபிடித்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்த ஸ்டீவ் டீரிங் வகுத்த மல்டிகாஸ்ட் முறை 1989-லேயே இணையத்தின் விதித்தொகுப்பில் ஏறியது. 224 முதல் 239 வரையான எண்ணில் தொடங்கும் முகவரிகள் எந்தக் கணினிக்கும் சொந்தமில்லை, அவை குழுக்களுக்கானவை. பார்க்க விரும்புகிறவரின் கருவி ‘என்னையும் சேர்த்துக்கொள்’ என்று பக்கத்து ரூட்டரிடம் சொன்னால் போதும். பாதை பிரியும் இடத்தில் மட்டும் ரூட்டர் பிரதி எடுக்கும். அனுப்புகிறவருக்குப் பார்ப்பவர் எத்தனை பேர் என்ற கவலையே இல்லை.

அப்படியானால் ஏன் எங்கும் வரவில்லை? ஒவ்வொரு குழுவின் விவரத்தையும் வழியிலுள்ள எல்லா ரூட்டர்களும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் அனுப்பியது ஆயிரமாகப் பெருகும்போது யார் யாருக்குப் பணம் தருவது என்று நிறுவனங்களுக்கிடையே கணக்கு தீரவில்லை. விஷமிகள் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்ற அச்சம் வேறு. ஆகவே பல நிறுவனங்கள் மல்டிகாஸ்ட்டைத் தங்கள் சொந்த ஐ.பி.டி.வி. (பிராட்பேண்ட் இணைப்பு வழியே வரும் டிவி) சேனல்களுக்கு உள்ளுக்குள் பயன்படுத்திக்கொண்டு, வெளியாருக்குக் கதவை மூடிவைத்தன.

இந்தத் தடைகளைச் சுற்றிப்போகும் முயற்சி ஆரம்பத்திலேயே தொடங்கியிருந்தது. 1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தின் ஒலியை 20 இடங்களுக்கு அனுப்பினார்கள். வழியிலுள்ள ரூட்டர்களுக்கு மல்டிகாஸ்ட் தெரியாது. அதனால் மல்டிகாஸ்ட் பாக்கெட்டைச் சாதாரணப் பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பி, மறுமுனையில் பிரித்தார்கள். எம்போன் என்ற அந்த வலையில் 1994-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியே ஒளிபரப்பானது. ஆராய்ச்சிக்கூடங்களைத் தாண்டி அது வீடுகளுக்கு வரவில்லை. பிறகு, பார்ப்பவர்களே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளட்டும் என்று சீனாவின் பிபிலைவ் போன்ற சேவைகள் கிளம்பின. வீட்டு இணைப்புகளில் அப்லோடு வேகம் குறைவு. அளந்து காசு வாங்கும் மொபைல் டேட்டாவில் அடுத்தவருக்காக யார் செலவழிப்பார்கள்?

கடைசியில் வென்றது, கேட்கும்போது அழகில்லாததாகத் தோன்றும் ஒரு வழி. காட்சியைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கு. ஒவ்வொரு துண்டையும் சாதாரண வலைப்பக்கத்தைப்போல் ஒரு கோப்பாக்கு. ஊர் ஊராக வைத்திருக்கும் சர்வர்களில் அதன் நகலைச் சேமி. பார்ப்பவர் அருகிலிருக்கும் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். 1998-ல் தொடங்கிய அகமாய் நிறுவனம் இந்த சர்வர் வலையைத் தொழிலாக்கியது. 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ். துண்டுமுறையைப் பரவலாக்கியது. இணைப்பு தளர்ந்தால் அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் வாங்கிக்கொள்ளலாம். படம் மங்கும், நிற்காது. ரூட்டர்களைத் தொட வேண்டியதில்லை, எந்த நிறுவனத்தின் வாசலிலும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டத் தலைநகரில் இரண்டு கேமராவோடு நடக்கும் சேனல்கூட உலகம் முழுக்க நேரலை தர முடிவது இதனால்தான். இந்தச் சுதந்திரத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

விலையும் உண்டு. ஆறு வினாடித் துண்டுகள் மூன்றைச் சேர்த்துக்கொண்டுதான் ஓடத் தொடங்கும் என்றால், அங்கேயே 18 வினாடி போய்விடுகிறது. டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் ‘அவுட்!’ என்று கத்தும்போது நம் திரையில் பந்துவீச்சாளர் ஓடிவரக்கூடத் தொடங்கியிருக்க மாட்டார். கூட்டம் பெருகப் பெருக சர்வர்களும் பெருகியாக வேண்டும். தோனி போன்ற ஒருவர் ஆட்டமிழந்ததும் பெருங்கூட்டம் ஒரே சமயத்தில் முகப்புப் பக்கத்துக்குத் திரும்புவதும் சர்வர்களுக்குப் பெரும் சுமை என்று ஹாட்ஸ்டார் பொறியாளர்களே விளக்கியிருக்கிறார்கள். 2023 உலகக் கோப்பை இறுதியில் அந்தத் தளத்தின் உச்சம் 5.9 கோடி. 2024 நவம்பரில் டைசன்-பால் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸில் பார்த்தவர்கள் 6.5 கோடி இணைப்புகளைத் தொட்டபோது, பஃபரிங் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஏராளம்.

2023-ல் பிரிட்டனின் பி.டி. நிறுவனம் அறிவித்த ஏற்பாடு எனக்கு நம்பிக்கை தருகிறது. நிறுவனத்தின் வலைக்குள் நேரலை மல்டிகாஸ்ட்டாக ஒரே பிரதியில் ஓடும். பார்ப்பவரை நெருங்கும் இடத்தில் யூனிகாஸ்ட்டாக மாறும். செயலிக்கு இது தெரியவே வேண்டாம். வழக்கம்போல் துண்டுகளைக் கேட்கும், வாங்கும். வீட்டு வைஃபையில் மல்டிகாஸ்ட் தடுமாறும் என்ற பழைய பிரச்சினையும் இதில் எழாது.

நம் நாட்டில் இது வரும்போது ஒன்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும். இங்கே இணைப்பு தரும் குழுமமே ஒளிபரப்புத் தளத்துக்கும் பங்குதாரர். 2025 பிப்ரவரியில் பிறந்த ஜியோ ஹாட்ஸ்டாரே உதாரணம். தன் கிரிக்கெட்டுக்கு மட்டும் மல்டிகாஸ்ட் பாதையைத் திறந்துவிட்டு, மற்றவர்களைக் கோடிப் பிரதிகள் அனுப்பச் சொல்லும் நிலை வரக்கூடாது. எந்த விலைக்கு, எந்த நிபந்தனையில் அந்தப் பாதை தன் குழுமத்துக்குக் கிடைக்கிறதோ, அதே விலைக்கும் நிபந்தனைக்கும் அந்த இரண்டு கேமரா சேனலுக்கும் கிடைக்க வேண்டும். முதல் பாதை திறப்பதற்கு முன்பே ஒழுங்குமுறை ஆணையம் இதை விதியாக்க வேண்டும்.